முதல் தம்ளர்

யார் இவர்களைக் கூப்பிட்டது? அதுதான் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம். கூப்பிடாமல் கூட்டம் வராது. கல்யாணத்துக்கே பத்திரிகை வைத்தால்தான் வருகிறார்கள், இழவுக்குக்கூட ஒரு ஆள் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே என்னடாவென்றால் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு நகராட்சி ஆபீஸ் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கொடி இல்லை. பேனர் இல்லை. மைக் இல்லை. மாசிலாமணி எதிர்ச்சாரியில் இசக்கியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றி இருபது. அதற்கப்புறம் ஒரு ஆட்டோ குறுக்கே நின்று எண்ணிக்கை போயிற்று. போகட்டும். எண்ணிக்கையை யார் கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் தினகர் கேட்டது எண்ணிக்கையை இல்லை. நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கே வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, மரியாதையாக நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டான். "ஏட்டையா, கம்ப்யூட்டர்ல எல்லாம் பாத்தாச்சு. குரூப்புல நானூறு நம்பர் இருக்கு, தலைன்னு ஒண்ணு இல்ல. ஊரு உங்களுக்குத்தான் தெரியும். நேர்ல பாருங்க. ஒரு பேரு சொல்லுங்க, போதும். பதினொரு மணிக்குக் கூப்பிடுறேன்." ஒரு பேரு. போலீஸில், உளவு பார்க்கிற தனிப்பிரிவில் முப்பத்தோரு வருஷம் அவர் பார்த்த வேலை அது ஒன்றுதான். கூட்டத்தைப் பார்ப்பது, தலையைக் கண்டுபிடிப்பது, எழுதிக் கொடுப்பது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது தேடி வந்து ஏட்டையா என்கிறான். கேட்டதும் உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே அவருக்குச் சந்தேகம். எதற்கு வந்தது? நாயைக் கூப்பிட்டால் வால் ஆடுகிற மாதிரி. சீ. பேர் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாதா. மத்தியானமே வண்டி வரும். ஆபீஸை மறித்தது, கூட்டம் கூட்டியது, ஊழியரைத் தடுத்தது. பதினைந்து நாள் உள்ளே. வெளியே வரும்போது அது வேறு ஆளாக இருக்கும். அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

வாசல் கேட்டருகே ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அதன் பின்னால் ஒரு பெண் காவலர், முத்துலட்சுமி என்று பேர், ஸ்டேஷன் ரைட்டரின் நோட்டை வைத்துக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொருத்தராக மறித்து எழுதிக்கொண்டிருந்தாள். பேரு, தெரு, யார் கூப்பிட்டது. மூன்று கட்டம். ரோடு அகலம் இல்லை, பேசுவது பெஞ்சு வரைக்கும் கேட்டது. "யார் கூப்பிட்டா?" "யாரும் கூப்பிடல. நானா வந்தேன்." அடுத்த ஆள். "யார் கூப்பிட்டா?" "நானா வந்தேங்க." அதற்கடுத்தது கைக்குழந்தையோடு ஒருத்தி. "உன்னை யாரும்மா கூப்பிட்டது?" "என் மாடியில கெடந்த சாம்பலு, நான் கொண்டு வந்தேன். இதுக்கு என்ன கூப்பிடுறது." முத்துலட்சுமி பேனாவால் நெற்றியைச் சொறிந்தாள். மூன்றாவது கட்டம் முழுக்க ஒரே வார்த்தை விழுந்துகொண்டிருக்கிறது. நானா, நானா, நானா. ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தார் மாசிலாமணி. நூறு பேர் ஒரே பதிலைச் சொன்னால் பின்னால் ஒரு வாத்தியார் இருக்கிறான். எங்கே இருக்கிறான்? வரிசையில் இருக்க மாட்டான். எதிர்ச்சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். எதிர்ச்சாரியில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். சைக்கிள் கடை. பூட்டிய ஜெராக்ஸ் கடை. அதன் நிழலில் கட்டம் போட்ட சட்டையும் பிரவுன் ஷூவுமாக ஒருத்தன், காதுக்கு மேலே ஒட்ட வெட்டிய முடி. மஃப்டி போலீஸ். நூறு அடிக்கு அப்பாலிருந்தே தெரிகிறது, இதற்குப் பேர் மறைவு. அப்புறம் பெஞ்சில் அவர். அவ்வளவுதான். "இன்னொரு டீ போடவா ஏட்டையா?" என்றான் இசக்கி. "முதல் டீயே இன்னும் தொண்டைக்குள்ள எறங்கல." "சாம்பல் விழுந்திருக்கும், பாத்துக் குடிங்க." தம்ளரைப் பார்த்தார். பாலாடையின் மேல் கறுப்பாக ஒரு துணுக்கு மிதந்தது. விரலால் எடுத்துப் பெஞ்சில் தேய்த்தார். ஊருக்கு மேற்கே குப்பைக் கிடங்கு எட்டு மாதமாக எரிகிறது. அணைப்பார்கள், அணையாது, அணைக்காமல் இருப்பார்கள், அப்போதும் அணையாது. விடிந்தால் மாடியெல்லாம் சாம்பல். துவைத்துப் போட்ட வேட்டியில், தண்ணீர்த் தொட்டியில், இட்லித் துணியில். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற அவருடைய நற்சான்றிதழின் கண்ணாடியில். மனைவி சண்பகம் தினமும் அதைத் துடைக்கிறாள். துடைத்துவிட்டு ஒரு இருமல் இருமுவாள். அந்த இருமல் நெஞ்சில் தொடங்குவதில்லை, இன்னும் கீழே எங்கேயோ ஒரு கிணற்றிலிருந்து வருகிறது. வந்தால் நிற்காது. முதுகைத் தடவ வேண்டும். தடவுகிற கைக்குள் அவள் எலும்பு ஒவ்வொன்றாகப் படும். கல்யாணமான புதிதில் இந்த முதுகு. போதும். பேரைப் பார்.

வாட்ஸ்அப்பில் பேர் இல்லாத குரூப் அது. பேர் இருக்கிற இடத்தில் ஒரு மேகப் படம். ஐந்து வாரத்துக்கு முன்னால் அவரும் உள்ளே போனார். இன்ஸ்பெக்டர் சொல்வதற்கெல்லாம் வெகு முன்னாலேயே. யாரும் சொல்லவில்லை, கை ஊறியது, போனார். எப்போதோ வேற்று முகவரியில் வாங்கிப்போட்ட ஒரு சிம் இருந்தது. சேகர் என்று பேர் வைத்துக்கொண்டார். முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. உள்ளே போன மறு நிமிஷம் போன் டிங்கென்றது. நீங்கள் இப்போது அட்மின். பெஞ்சிலிருந்து விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. யாரென்றே தெரியாத ஒருத்தனை வந்த உடனே அட்மின் ஆக்குகிறார்கள். உளவாளிக்குச் சாவியைக் கொடுக்கிற ஊர் எது? வருகிற எல்லாரையும் அப்படித்தான் ஆக்குகிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. நானூறு பேர், நானூறு பேரும் அட்மின். யாரை வேண்டுமானாலும் யாரும் தூக்கி வெளியே போடலாம். யாரும் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆரம்பித்தது யார் என்று தோண்டினார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருத்தன். தன் வேனில் மூன்று பிள்ளைகள் மூச்சு முட்டி வாந்தி எடுத்த அன்றைக்கு ஆரம்பித்தானாம். மூன்றாம் நாள் எல்லாரையும் அட்மின் ஆக்கிவிட்டு அவனே வெளியேறிவிட்டான். ஏன் வெளியேறினான்? பயமா, தந்திரமா? ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "போன்ல எடம் பத்தல அண்ணாச்சி" என்றான். இதை நம்பச் சொல்கிறான். உள்ளே பேச்சும் இல்லை. காலை ஆறு மணிக்கு ஆளாளுக்கு அவரவர் ஜன்னலிலிருந்து வானத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். வார்த்தை கிடையாது. பழுப்பு வானம், பழுப்பு வானம், ஒரு தென்னை, ஒரு டேங்க், பழுப்பு வானம். நானூறு ஜன்னல். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. வாங்க என்று எழுதக் கூடாது. தான் செய்யப்போவதை மட்டும் எழுதலாம். கூட வருகிறவன் நானும் என்று போடலாம். வராதவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. யோசித்து வைத்த மூளைக்காரன் எவனோ. கூப்பிட்டவன் இல்லையென்றால் வழக்கு யார் மேல்? அப்படித்தான் நினைத்தார். அந்த மூளை எங்கே இருக்கிறது என்று பதினோரு நாள் படங்களையே பார்த்தார். யார் முதலில் போடுகிறார்கள், யார் படத்துக்கு அப்புறம் மற்றவர்கள் போடுகிறார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு படம் வந்தது. நான்கு கம்பி போட்ட ஜன்னல். இரண்டாவது கம்பி கொஞ்சம் வளைந்தது. அதை வளைத்தது அவர்தான், பூனையைத் துரத்தும்போது. அவர் வீட்டு அடுக்களை ஜன்னல். போட்ட பேர் சண்பா. முகத்துக்குப் பதில் ஒரு கோலப் படம். அந்த நேரத்தில் அவர் மொட்டை மாடியில் நின்று அதே வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கிப் போனார். "என்ன பண்ற?" "காப்பி." "கையில என்ன?" "போனு. மணி பாத்தேன்." முப்பத்தெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியவள், பொய் சொல்லும்போது பாலைக் கிளறிக்கொண்டே சொன்னாள். அவரும் விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒரே வீட்டிலிருந்து இரண்டு வானம் போகிறது. ஒன்று மாடியிலிருந்து, ஒன்று அடுக்களையிலிருந்து. அவள் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.

அத்தோடு நின்றிருந்தால் சரி. நிற்கவில்லையே. பழைய வித்தை ஒன்று இருக்கிறது. தலை தெரியாத கூட்டத்தில் ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட வேண்டும், ஏதாவது செய்வோம் என்று. போட்டுவிட்டு, எல்லாரும் யார் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். பார்க்கப்படுகிற முகம்தான் தலை. எத்தனையோ பந்தலில் செய்திருக்கிறார், தப்பினது இல்லை. புதன்கிழமை காலை மாடியில் நின்று சேகர் பேரில் எழுதினார். 'நான் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என் மாடிச் சாம்பலை ஒரு வாளியில் எடுத்துப் போய் நகராட்சி வாசலில் கொட்டப் போகிறேன்.' அவ்வளவுதான். தூண்டில். யாராவது ஒருத்தன் இது வேண்டாம் என்பான், அல்லது பொறு என்பான், அவன்தான். மீன் கடித்தது. கடித்த சத்தம் அவர் காலுக்கடியிலிருந்தே வந்தது. அடுக்களையில் தோசைக்கல்லில் கரண்டி போடுகிற சத்தம் நின்றது. ஒரு நிமிஷம் ஆகவில்லை. நானும், சண்பா. கரண்டிச் சத்தம் மறுபடி தொடங்கியது. அப்புறம் நானும், நானும், நானும். கையில் போன் தவளை மாதிரி துள்ளியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முகம் எங்கே இருக்கிறது. நானூறு பேரும் அவரவர் மாடியைப் பார்த்தார்கள், மாடியில் சாம்பல் இருந்தது, அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் முன்னூற்றுப் பத்து நானும். அழித்துவிடலாமா என்று விரலை வைத்தார். அழித்தால் என்ன, முன்னூறு பேர் மனதிலிருந்து அழிக்கிற பொத்தான் எந்த போனில் இருக்கிறது. ஆக, இந்தக் கூட்டத்தைக் கூட்டினது யார்? பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கிழவன். தலையைத் தேடி வந்த தனிப்பிரிவு ஏட்டு. சிரிப்பு வரவில்லை. இரண்டாவது பேர் யார்? அவர் பெண்டாட்டி. இன்ஸ்பெக்டர் நேற்று சொன்னான், "சேகர்னு ஒருத்தன் ஆரம்பிச்சிருக்கான், முகவரி போலி. ரெண்டாவதா சண்பான்னு ஒண்ணு. அது மருந்துக்கடை ஜெசிந்தாவா இருக்கும்னு நெனைக்கிறேன். அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. அந்த நம்பருக்கு போன் கம்பெனிக்காரன் விவரம் தர நாளாகும். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது." காப்பி கொண்டுவந்த சண்பகம் தம்ளரை இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆமான்னு ஒரு வார்த்தை. அப்படி ஒரு வார்த்தை முன்னால் சொன்னதுதான் கூடத்தில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. எண்பத்தாறில், நூல் மில் ஸ்டிரைக். கேட்டுக்கு வெளியே ஓலைப் பந்தல், நாற்பது பேர். பேசுகிறவர்கள் ஐந்தாறு பேர், ஆனால் பேசுகிறவன் தலை இல்லை, அது அவருக்கு அப்போதே தெரியும். மூன்று நாள் புளியமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தார். டீ வரும். பெரிய தூக்கு, அலுமினியத் தம்ளர்கள். ஊற்றி வைப்பார்கள், ஒருத்தனும் தொட மாட்டான். ஓரமாக உட்கார்ந்திருக்கிற ஒரு ஒல்லி ஆளிடம் முதல் தம்ளரைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவன் குடிப்பான். அப்புறம்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். மூன்று நாளும் அப்படியே. வாய் திறக்காதவன், ஓரத்தில் இருப்பவன், முதல் தம்ளர் வாங்குகிறவன். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும். வேலாண்டி என்று எழுதிக் கொடுத்தார். எழுத்து அழகாக இருந்தது, இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, கொம்பு சுழியெல்லாம். பதினோரு நாள் கழித்து வேலாண்டி வெளியே வந்தபோது இடது கை விரல்கள் மடங்கவில்லை. ஸ்டிரைக் உடைந்துவிட்டது. வாய் திறக்காதவனுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று ஒவ்வொருத்தனாக மில்லுக்குள் வேலைக்குப் போய்விட்டான். நற்சான்று வந்தது. பதினாறு வருஷம் கழித்துப் பெரியாஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் நின்றவன் பேச்சுக் கொடுத்தான். சீட்டை வலது கையால் மட்டும் பிடித்திருந்தான். "உங்களுக்கு என்ன அண்ணாச்சி, சுகரா? எனக்கு வயித்துப்புண்ணு. இன்னிக்கு நேத்து இல்ல, மில்லுல இருக்கும்போதே. வெறும் வயித்தோட கொஞ்சம் நின்னா சுருண்டு விழுந்துருவேன். அதனால பயலுவ டீ வந்தா எனக்குத்தான் மொதல்ல குடுப்பானுவ. நல்ல பயலுவ." "மில்லுல என்ன வேலை?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். "கூட்டுற வேலை. சங்கத்துல உறுப்பினர்கூட இல்ல. என்னை எதுக்குப் பிடிச்சானுவன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பேரு மாறிப் போச்சுபோல." வரிசை நகர்ந்தது. அவருடைய முறை வந்தபோது டாக்டர் எங்கே வலிக்கிறது என்றார். எங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். தப்பான பேர். ஆனால் வேலை நடந்தது. அதுதான் விஷயம், அதுதான் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். பேர் சரியாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. ஒரு பேர் இருந்தால் போதும். தினகர் நேற்று அதே வார்த்தையைத்தான் சொன்னான். ஒரு பேரு சொல்லுங்க, போதும்.

வாசலில் சத்தம் அடங்கியது. நகராட்சி கமிஷனர் படியில் வந்து நின்றிருந்தார், கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு. வாசலுக்குக் குறுக்கே சாம்பல் இடுப்புயரத்துக்கு வந்துவிட்டது. "உங்க கோரிக்கை எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். உங்க சார்புல ஒரு அஞ்சு பேர் உள்ள வாங்க." மாசிலாமணி முன்னால் குனிந்தார். இதுதான் இடம். ஐந்து பேர் உள்ளே போவார்கள். உள்ளே மின்விசிறி இருக்கும், பிஸ்கட் இருக்கும், ஐந்து நாற்காலியில் ஒன்று மட்டும் கொஞ்சம் நல்ல நாற்காலியாக இருக்கும். யார் அதில் உட்காருகிறான் என்று பார்த்தால் போதும். வெளியே வரும்போது ஐந்து பேரும் ஐந்து மாதிரி பேசுவார்கள். எத்தனை முறை அந்த நாற்காலியை அவரே போட்டிருக்கிறார். யாரும் அசையவில்லை. கமிஷனர் கர்சீப்பை எடுத்துவிட்டு மறுபடி சொன்னார். "அஞ்சு பேர், யாராவது." முன்னால் நின்ற ஒரு தடித்த அம்மாள், மீன் விற்கிறவள், வாளியைக் கீழே வைத்தாள். "சாரு, என் வீட்டுச் சாம்பலுக்கு நான் பேசுவேன். அடுத்த வீட்டுச் சாம்பலுக்கு நான் எப்படிப் பேசுறது." "அப்ப நீங்க வாங்கம்மா." "நான் வந்தா என் சாம்பலைப் பத்தி மட்டும் பேசுவேன். அப்புறம் இவுக வருவாக, அவுக சாம்பலைப் பத்திப் பேச. எல்லாருக்கும் நாற்காலி இருக்கா?" பின்னாலிருந்து யாரோ, "எங்க வீட்டுல ரெண்டு இருக்கு, கொண்டாரவா?" என்றார்கள். சிரிப்பு. கமிஷனரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. உள்ளே போய்விட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் அந்த ஐந்து பேர் வராத கூட்டத்தை அவர் பார்த்ததில்லை. ஐந்து பேர் இல்லையென்றால் விலை பேச ஆள் இல்லை, மிரட்ட ஆள் இல்லை, பிரித்துவிட ஆள் இல்லை. ஆனால் நாளைக்கு இதே நானூறு பேர் ஒருத்தன் வீட்டைக் கொளுத்தப் போகிறேன் என்று ஒருத்தன் எழுதினாலும் நானும் என்று போடுவார்களா? அப்போது யார் நிறுத்துவது? நிறுத்துகிறதுக்கும் தலை வேண்டாமா? அவர் எழுதினது சாம்பல் வாளி. வேறு எதையாவது எழுதியிருந்தால். நெருப்புப் பெட்டி என்று எழுதியிருந்தால். எழுதுகிறவன் யார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே. ரோஜாப்பூவை நம்பி வந்து நிற்கிறார்கள்.

அப்போது அவள் வந்தாள். நீல வாளி. அவர்கள் வீட்டு மாடிக்குழாயடி வாளி, கைப்பிடியில் துணி சுற்றியது. சண்பகம் இரண்டு அடி வைத்து வாளியை இறக்குவாள், மூச்சு வாங்குவாள், தூக்குவாள். காலையில் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்றுதான் சொன்னாள். வருவாள் என்று அவருக்குத் தெரியாதா. தெரிந்தும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், வரமாட்டாள் என்று உட்கார்ந்திருக்கிறார். முத்துலட்சுமியின் மேஜைக்கு இன்னும் இருபது பேர் இருக்கும்போது இருமல் பிடித்துக்கொண்டது. கூட்டம் விலகியது. அவளுக்கு வழி விட்டது. மருந்துக்கடை ஜெசிந்தா எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தாள். "உக்காருங்கம்மா, மொதல்ல உக்காருங்க. மூச்சு பம்ப் கொண்டாந்தீங்களா? வாயத் தெறங்க." உட்கார வைத்தார்கள். தண்ணீர்க் கேன் வந்தது, முதல் தம்ளர் அவளுக்கு. சுற்றி நின்றவர்கள் அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்கள், அப்புறம்தான் தங்களுக்குப் பிடித்துக்கொண்டார்கள். மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டார். வழி விட்டார்கள். நாற்காலி. முதல் தம்ளர். ஐயோ, பார்த்தால் எப்படித் தெரியும் இது? ஜெராக்ஸ் கடை நிழலைத் திரும்பிப் பார்த்தார். கட்டம் போட்ட சட்டை சின்ன நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தது. எழுதிவிட்டு போனைக் காதில் வைத்தது. இரண்டு நிமிஷத்தில் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. பத்து நாற்பது. பதினொன்று ஆகவில்லை. "ஏட்டையா, ஒரு அம்மா. வெள்ளை முடி, நீல வாளி. நம்ம பையன் சொல்றான், எல்லாரும் அவங்களுக்குத்தான் ஒதுங்குறாங்க, சேர் போட்டாங்க, அவங்க குடிச்சப்புறம்தான் மத்தவங்க குடிக்கிறாங்க. பழைய ஆளுங்க சொல்ற அடையாளம்தானே இது. அப்ப ஜெசிந்தா இல்ல, இந்தம்மாதான். யாரு அது? தெரியுமா?" தெரியுமா. எதிரே அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பதினைந்து நாள் உள்ளே. பம்ப்பை வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் சம்சாரம் என்று சொன்னால் விட்டுவிடுவான், சாரி ஏட்டையா என்பான், அடுத்த மூச்சில் அப்ப ஜெசிந்தாவே இருக்கட்டும் என்பான். நாற்காலியைத் தலையில் தூக்கி வந்த பெண். "தினகர்," என்றார், "தேட வேண்டாம். சேகர்ங்கிறது நான்தான். முதல்ல எழுதினது நான்." மறுபக்கம் சிரிப்பு. "வயசாயிட்டாலும் கிண்டல் போகல உங்களுக்கு. சொல்லுங்க ஏட்டையா, வண்டி ரெடியா நிக்குது. பேரு." முப்பத்தோரு வருஷம் அவர் எழுதிக் கொடுத்த பொய்யெல்லாம் நம்பினார்கள். ஒரு நிஜத்தைச் சொன்னால் சிரிக்கிறான். போனைச் சட்டைப் பையில் போட்டார். உள்ளே தினகர் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ரோட்டைக் கடந்தபோது முழங்கால் வலித்தது, பெஞ்சு உயரம் போதாது, இசக்கியிடம் எத்தனை முறை சொல்வது. முத்துலட்சுமி அவரைப் பார்த்து எழுந்து நின்றாள். "ஏட்டையா, நீங்க எங்க இங்க?" "எழுதிக்க. மாசிலாமணி. சிவகாமி தெரு." "சும்மா இருங்க ஏட்டையா. போங்க உள்ள." எழுதவில்லை. இவளும் நம்ப மாட்டாள். இந்த மூஞ்சிக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று முத்திரை குத்தியாகிவிட்டது, சொல்லால் கழுவ முடியாது. சண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. அது அவரைச் சுருக்கென்று குத்தியது. ஏன் ஆச்சரியப்படவில்லை? "சேகர் வரமாட்டாரோன்னு நெனச்சேன்," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவர் வாயைத் திறந்தார். "ரோசாப்பூவ வேற எங்கயாச்சும் எடுத்திருக்கலாம். நம்ம தொட்டி விளிம்பு உடைஞ்சது எனக்குத் தெரியாதா." ஐந்து வாரம். மாடியிலிருந்து போகிற வானத்தை அவள் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படியென்றால் புதன்கிழமை கரண்டியை நிறுத்திவிட்டு நானும் போட்டாளே, அது சேகருக்கா, அவருக்கா? தூண்டில் என்று தெரியுமா, தெரிந்துதான் கடித்தாளா? கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய்க் கேட்கலாம், போக முடிந்தால். இசக்கி பின்னாலேயே பெரிய தூக்கில் டீ கொண்டுவந்துவிட்டான். யார் சொன்னது என்று ஒருத்தர் கேட்டதற்கு, "நானாத்தான் கொண்டாந்தேன்" என்றான். ஸ்டீல் தம்ளர்கள், மேஜை ஓரத்தில் வரிசையாக, ஆவி பறக்க. ஜெசிந்தா முதல் தம்ளரை எடுத்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் திரும்பினாள். மாசிலாமணி கையை நீட்டினார். "இங்க குடும்மா." "அம்மாவுக்கு, தாத்தா." "எனக்குக் குடு." குரல் பழைய குரலாக வந்தது. கொடுத்துவிட்டாள். சுற்றி இருந்த கைகள் மற்ற தம்ளர்களை நோக்கி நீண்டன. "பொறுங்க," என்றார். "நான் குடிச்சப்புறம் எடுங்க." அந்தக் கூட்டத்தில் அன்றைக்கு விழுந்த முதல் உத்தரவு அது. நீண்ட கைகள் அப்படியே நின்றன. முறைத்தார்கள். கிழவனுக்கு என்ன கோளாறோ, மயக்கமோ, என்னமோ என்று மீன்கார அம்மாள் மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள். நின்றார்கள். நல்ல பயலுவ. மாசிலாமணி ஜெராக்ஸ் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தம்ளரை முகத்துக்கு நேராக, நன்றாகத் தெரிகிற உயரத்துக்குத் தூக்கினார். சூடு உதட்டைப் பொசுக்கியது. மேலே சாம்பல் மிதந்தது. எடுத்துப் போடவில்லை. நிழலில் கட்டம் போட்ட சட்டை நோட்டின் புதுப் பக்கத்தைத் திருப்பியது. இங்கே அத்தனை பேரும் தம்ளரைத் தொடாமல் காத்துக்கொண்டிருக்க, அவர் ஒவ்வொரு வாயாக, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.